வெள்ளிக்கிழமைப் புகை

லாப்டொப்பை மடியில் வைத்திருப்பவர் “விடு” என்று சொன்னால் ஓட்டுகிறவர் உடனே மிதியில் இருந்து காலை எடுக்கவேண்டும். ஏன் என்று கேட்கக்கூடாது. அது அண்ணை வைத்த சட்டம். ஓட்டுகிறவனுக்கு றோட்டு மட்டும்தான் தெரியும், எஞ்சினுக்குள் நடப்பது தெரியாது, ஆனபடியால் பக்கத்தில் இருப்பவர் சொல்வதுதான் கடைசிச் சொல் என்பான். பக்கத்தில் இருந்தது நான். வீட்டில் என் பேச்சை ஒருவரும் எடுக்காத காலத்தில், அந்தக் காருக்குள் மட்டும் நான் ஒரு சொல் சொன்னால் அவ்வளவு பெரிய எஞ்சின் அடங்கும்.

அண்ணை போனபிறகும் லாப்டொப் என் மடியில்தான் இருந்தது. ஓட்டுகிற ஆள்தான் மாறிவிட்டார்.

அது பழைய அமெரிக்கக் கார். இரண்டு கதவு, நீளமான மூக்கு. அண்ணை வேலைசெய்த கராஜின் பின்பக்கத்தில் எஞ்சின் இல்லாமல் கிடந்ததை முதலாளி அவனுக்குக் கொடுத்துவிட்டார். பிறகு எங்கேயோ அடிபட்டு நொறுங்கிய ஒரு புதுக் காரின் எட்டுச் சிலிண்டர் எஞ்சினை வாங்கி இதற்குள் இறக்கினான். புது எஞ்சினில் பெற்றோலைக் கணக்குப் பார்த்து விடுவது ஒரு கொம்பியூட்டர். அந்தக் கொம்பியூட்டருக்குத் தான் வேறொரு காருக்குள் வந்துவிட்டது தெரியாது. காற்று வருகிற குழாய் வேறு, புகை போகிற குழாய் வேறு, பாரம் வேறு. பழைய நினைப்பிலேயே பெற்றோலை விட்டுக்கொண்டிருக்கும். அதற்கு எல்லாவற்றையும் புதிதாகப் பழக்கவேண்டும். எவ்வளவு காற்றுக்கு எவ்வளவு பெற்றோல் என்று ஒரு பெரிய பட்டியல், கட்டம் கட்டமாக. ஓட்டிப் பார்த்து, நம்பரைப் பார்த்து, ஒவ்வொரு கட்டமாகத் திருத்துவது.

கீழ்ப்பக்கக் கட்டங்களை அண்ணை முடித்துவிட்டான். மேல்பக்கம், அதாவது காலை முழுக்க அழுத்தும்போது எஞ்சின் போகிற கட்டங்கள், மிச்சம். அதற்குள் போய்விட்டான். கராஜில், மத்தியானம், சாப்பாட்டுப் பெட்டியைத் திறக்கும்போது விழுந்தான். தலைக்குள் நரம்பு வெடித்தது என்று டொக்டர் சொன்னார். இதற்குமேல் எனக்கு அதை எழுதத் தெரியாது.

முப்பத்தொராம் நாள் அந்தியேட்டி முடிந்த கிழமை அப்பா சாப்பாட்டு மேசையில் வைத்துச் சொன்னார். அப்பா உணவகக் குசினியில் வேலை. வீட்டில் அதிகம் பேசமாட்டார். பேசினால் முடிவோடுதான் பேசுவார்.

“அந்தக் காரைக் காஸுக்குக் குடுக்கப்போறன்.”

காஸ் என்றால் பழைய காரை நசுக்குகிற இடம்.

“ஏன் அப்பா?”

“அவன் வீட்டில ஒழுங்கா ஒரு நேரச் சோறு திண்டவனோ? உதுக்குள்ளதான் கிடந்தவன். எனக்கு அதைப் பாக்கேலாது.”

“நீங்கள் பாக்கவேண்டாம். நான் பாக்கிறன்.”

“நீ என்னத்தைப் பாக்கிறது? கடையில கத்தரிக்காய் நிறுக்கிற நீ.”

எனக்குக் கோபம் வந்தது. ஆனால் உண்மைதான். நான் லா ஷப்பலில் ஒரு பலசரக்குக் கடையில் கத்தரிக்காய்தான் நிறுக்கிறேன். வன்னியில் படிப்புப் பாதியில் நின்றது, பிறகு முகாம், பிறகு இங்கே வந்து விளங்காத பிரெஞ்சு மொழியில், பின்வாங்கில் இருந்து, பதினாறு வயதில் போதும் என்று விட்டுவிட்டேன்.

“ஓடவைச்சுக் காட்டுறன்,” என்றேன்.

அப்பா கையைக் கழுவிவிட்டு வந்தார். “ஆண்டுத்திவசத்துக்கு முன்னம் உது தானா ஓடி இந்த வாசலுக்கு வரவேணும். கட்டியிழுத்துக்கொண்டு வாற கதையில்லை. வந்தா வைச்சிரு. வராட்டி அடுத்த கிழமை ஏத்திவிடுவன். பிறகு அழக்கூடாது.”

கார் நின்றது நகருக்கு வெளியே ஓல்னேயில், வாடகைக்கு எடுத்த ஒரு பொக்ஸில், ஒரு கார் மட்டும் விடக்கூடிய பூட்டறையில். அங்கிருந்து லா ஷப்பலுக்கு வருவதென்றால் ஓட்டோறூட்டில், வேகமாக ஓடுகிற பெருந்தெருவில் ஏறவேண்டும். லொறிகளுக்கு நடுவில் உருட்டிக்கொண்டு ஏற முடியாது, காலைக் கொடுத்துத்தான் ஏறவேண்டும். காலைக் கொடுக்கும் இடத்தில்தான் அண்ணையின் கட்டங்கள் முடிந்து வெறும் ஊகம் தொடங்குகிறது. பெற்றோல் குறைந்தால் எஞ்சின் உள்ளே கொதித்து பிஸ்டன் உருகும். எஞ்சின் ஒன்றுதான். இன்னொன்று வாங்க எங்களிடம் ஒன்றும் இல்லை, அண்ணையும் இல்லை.

ஓட்ட வந்தவர் அண்ணையோடு அதே கராஜில் நின்றவர். புதுச்சேரிக் குடும்பம், பிறந்து வளர்ந்தது சென் தெனியில், வேதக்காரர். நான் அவரை “அண்ணை” என்று கூப்பிடவில்லை. அந்தச் சொல்லுக்கு ஒரு ஆள்தான். “அண்ணா” என்றேன். அவர் ஊர்ப்பக்கத்தில் அப்படித்தானாம், பொருந்திவிட்டது.

ஞாயிற்றுக்கிழமைக் காலையில் ஓல்னே தொழிற்பேட்டை றோட்டுகளில் ஒரு நாயும் இராது. புகை போகிற குழாய்க்குள் ஒரு சென்சர் வைத்திருந்தோம், அது காற்றும் பெற்றோலும் எப்படி எரிகிறது என்று ஒரு நம்பராக லாப்டொப்பில் காட்டும். பெற்றோல் குறையக் குறைய நம்பர் ஏறும். காலை முழுக்க அழுத்தும்போது பன்னிரண்டரைப் பக்கம் நிற்கவேண்டும். பதின்மூன்றைத் தாண்டினால் பயம். பதினாலு என்றால் உருகல்.

முதல் ஞாயிறு பதின்மூன்றைத் தாண்டியது. “விடு!” என்று கத்தினேன். விட்டார். பட்டியலில் பெற்றோலைக் கூட்டினோம். திரும்ப ஓடினோம், சரியாக வந்தது. இரண்டு பேரும் ரயர்க் கடை வாசலில் நின்று கோப்பி குடித்தோம். எனக்குச் சிரிப்புக்கூட வந்தது, அதற்காக வெட்கமாகவும் இருந்தது.

அடுத்த ஞாயிறு, அதே றோட்டு, அதே கால், நம்பர் திரும்பப் பதின்மூன்றைத் தாண்டியது.

“நீ கூட்டினத சேவ் பண்ணினியாமா?” என்று கேட்டார்.

“பண்ணினனான். பாருங்கோ, இருக்குது.”

“சே பா நொர்மால். இப்படி நடக்கவே கூடாது.”

திரும்பக் கூட்டினோம். அதற்கு அடுத்த ஞாயிறு திரும்ப. பெற்றோல் பம்பை மாற்றினார். பில்டரை மாற்றினார். பெற்றோல் விசிறுகிற ஊசிகளைக் கழற்றிக் கழுவினோம். குழாயில் எங்கேயாவது காற்றுக் களவாக வருகிறதா என்று சோப்புத் தண்ணீர் பூசிப் பார்த்தோம். ஒன்றுமில்லை. ஒவ்வொரு ஞாயிறும் எஞ்சின் முந்தின ஞாயிற்றைவிடப் பசியோடு வந்தது. நாங்கள் அண்ணையின் நம்பர்களை ஒவ்வொன்றாக மாற்றிக்கொண்டே போனோம். கீழ்ப்பக்கத்துக் கட்டங்களைக்கூடத் தொடவேண்டி வந்தது. அவன் வைத்ததை அழித்து நான் வேறொன்று அடிக்கும்போது விரல் நிற்கும். அண்ணா வெளியே பார்ப்பார்.

இதற்குள் கடை முதலாளியின் தொல்லை வேறு. “பிள்ளை, மீன் பெட்டிப் பக்கம் போகாதை. உன்ரை கையில பெற்றோல் மணக்குது. சனம் விளைமீனைக் கொண்டுவந்து திருப்பித் தருது.”

“அது உங்கட மீன் முதலாளி, அது வரேக்கையே மணக்கும்.”

“வாயைப் பார்.”

அந்த நாட்களில் வெள்ளிக்கிழமைகளில் அம்மாவும் ஓல்னேக்கு வருவா. கோயிலுக்குப் போய், பிறகு கடைக்கு வந்து, நான் வேலை முடிந்ததும் இரண்டு பேரும் ரயிலேறுவோம். அம்மாவின் பையில் தூபக்கால், கரித்துண்டு, சாம்பிராணி. சாம்பிராணி எங்கள் கடையில் நானே எடுத்துக் கொடுப்பது, நல்ல கட்டியாகப் பார்த்து. வீட்டில் அப்பா புகைபோட விடுவதில்லை. நெருப்பு எச்சரிக்கை மணி கத்தி, மேல்வீட்டுக்காரி வந்து சண்டை பிடித்ததிலிருந்து வேண்டாம் என்றுவிட்டார். ஆனபடியால் அம்மா மகனுக்குப் புகை காட்ட அவனுடைய காரைத் தேடி வந்தா.

பெற்றோல் உள்ள இடத்தில் தணல். கதவை முழுக்கத் திறந்து, தீயணைக்கிற சிலிண்டரைக் காலடியில் வைத்துக்கொண்டு நிற்பேன். வேண்டாம் என்று சொல்ல வாய் வராது. அம்மா மகனுடைய பெயரைச் சொல்கிற இடம் அது ஒன்றுதான் மிச்சம்.

“பொனற்றைத் திற. எஞ்சினைப் போடு,” என்பா.

எஞ்சின் மெல்ல உறுமிக்கொண்டு நிற்கும். அம்மா முன்பக்கத்தில் நின்று தூபக்காலை மூன்றுதரம் சுற்றுவா. காற்றுக் குழாயின் வாயில் பில்டர் இல்லை. அண்ணை போட நினைத்த பில்டருக்கு மேல் பொனற் மூடவில்லை, வேறு தேடுவோம் என்று ஒரு கம்பி வலையைச் சுற்றி வைத்திருந்தான். அம்மா காட்டுகிற புகை மேலே போகாமல் வளைந்து, கயிறு மாதிரி திரண்டு, அந்த வலைக்குள் போகும். நேராக உள்ளே. ஒரு துளி வெளியே சிந்தாது.

“பார் பிள்ளை. இழுக்கிறான்.”

அம்மாவின் முகம் அந்த நேரம் எப்படி இருக்கும் என்றால், சின்னப் பிள்ளைக்குச் சோறு தீத்தி, அது வாய் திறந்து வாங்கும்போது இருக்கிற முகம். தணல் அணையும்வரைக்கும் சாம்பிராணி போட்டுக்கொண்டே இருப்பா. பிறகு திருநீறு எடுத்து எஞ்சின் மூடியில் மூன்று குறி.

ஆண்டுத்திவசத்துக்கு இன்னும் கொஞ்ச நாள் இருக்கும்போது அந்த ஞாயிறு வந்தது. அண்ணா காலை அழுத்தினார். நான் நம்பரைப் பார்க்கமுன்னம் சத்தம் கேட்டது. தகரப் பேணிக்குள் கடலையைப் போட்டுக் குலுக்கியதுபோல், எஞ்சினுக்குள்ளிருந்து.

“விடு! விடு!”

விட்டார். ஓரமாக நிறுத்தினார். இரண்டு பேரும் இறங்கவில்லை. லாப்டொப்பில் நம்பர் பதினாலைத் தொட்டிருந்தது.

“போச்சோ?”

“தெரியல. பாக்கணும்.” சாவியைத் திருப்பி எஞ்சினை நிறுத்தினார். “தங்கச்சி, ஒண்ணு சொல்றேன், கோவிச்சுக்காத. இதோட நிறுத்திக்கலாம். எனக்கு இத ஒடச்சவன்னு பேரு வேணாம். அவன் காரு இது.”

“நிப்பாட்டினா அப்பா நசுக்கிப்போடுவார்.”

“நாம ஒடச்சாலும் அதான.”

பொக்ஸுக்கு உருட்டிக்கொண்டு போனோம். ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றிப் பார்த்தார், வெளுத்திருந்தன, ஆனால் உருகல் இல்லை. தப்பியிருந்தது. அவர் வாளி ஒன்றைக் கவிழ்த்து அதில் இருந்துகொண்டு எஞ்சினையே பார்த்தார்.

“எல்லாத்தையும் மாத்தியாச்சு. மாத்தாதது காத்துச் சென்சர் ஒண்ணுதான். அது புதுசு, பெட்டியிலேர்ந்து எடுத்து மாட்டினது. அத யாரு சந்தேகப்படுவாங்க?”

அந்தச் சென்சர் காற்றுக் குழாயில் வலைக்குப் பின்னால் இருப்பது. அதற்குள் தலைமயிர் மாதிரி ஒரு கம்பி. கரண்டில் சூடாகி இருக்கும். காற்றுப் போகப் போகக் குளிரும். எவ்வளவு குளிர்கிறது என்பதை வைத்துத்தான் கொம்பியூட்டர் காற்றை அளக்கும். கம்பியில் ஏதாவது படிந்தால் காற்று அதற்குப் படாது. குறைந்த காற்றுத்தான் வருகிறது என்று நினைத்துப் பெற்றோலைக் குறைக்கும்.

கழற்றி வெளிச்சத்தில் பிடித்தார். கம்பி மண்ணிறமாக, பிசின் பூசியதுபோல் இருந்தது. மூக்கருகே கொண்டுபோனார். முகம் மாறியது.

“என்னமா இது? சர்ச்சு வாசனை அடிக்குது!”

நான் வாங்கி மணந்தேன். மணக்கவே தேவையில்லை. எங்கள் கடையின் நல்ல கட்டிச் சாம்பிராணி.

“பூசை வைக்கும்போது சாமியார் தூபம் ஆட்டுவாரே, அதே வாசனை. கார்ல எப்படி?”

சொன்னேன். முழுவதும் சொன்னேன். வெள்ளிக்கிழமை, தணல், மூன்று சுற்று, இழுக்கிறான் என்று அம்மா சொல்வது. அவர் முதலில் தணலுக்குத்தான் துள்ளினார்.

“பெற்றோல் பக்கத்துல நெருப்பா? ரெண்டு பேரும் மேல போயிருப்பீங்க, பொக்ஸோட!”

பிறகு சிரித்தார். சிரித்துக்கொண்டே இருந்தவர் முகத்தை முழங்கையால் மூடிக்கொண்டார். நான் வெளியே போய் நின்றேன்.

சென்சரைக் கழுவுகிற மருந்தை விசிறி, கம்பியில் கை படாமல் துப்புரவாக்கினோம். அண்ணா சின்னதாக ஒரு பில்டர் தேடிக்கொண்டு வந்தார். மூடியோடு கூடியது, காற்றைக் காரின் மூக்குக்கு அடியில் இருந்து எடுக்கும், பொனற்றும் மூடும். நாங்கள் இத்தனை கிழமையாகத் திருத்தியதெல்லாம் அழுக்குக் கம்பிக்குச் செய்த திருத்தம். எல்லாவற்றையும் தள்ளிவிட்டு அண்ணையின் பழைய பட்டியலைத் திரும்ப ஏற்றினோம்.

மிச்சம் அம்மா. நான் ஒன்றும் சொல்லவில்லை. பில்டர் இருக்கிறதுதானே, காட்டிவிட்டுப் போகட்டும் என்று நினைத்தேன்.

வெள்ளிக்கிழமை அம்மா புகையைச் சுற்றினா. புகை நேராக மேலே போய்ப் பொக்ஸின் கூரையில் பரவியது. அம்மா தூபக்காலை இன்னும் கிட்டக் கொண்டுபோனா. மேலேதான் போனது. இன்னும் கொஞ்சம் சாம்பிராணி போட்டா. கண்ணைக் கசக்கிக்கொண்டு கூரையைப் பார்த்தா.

“ஏன் இழுக்கேல்லை?”

எஞ்சினை நிறுத்தினேன். “அம்மா, அந்தக் குழாயை மூடிப்போட்டம். புகை உள்ளுக்குப் போய்ப் படிஞ்சு எஞ்சின் பழுதாகப் பாத்தது. அது எஞ்சின்தான் அம்மா காத்தை இழுக்கிறது. அது வந்து…”

“அது எனக்குத் தெரியாதோ?”

நான் பொனற்றை மூடப்போனேன்.

“நான் என்ன மாடோ? எஞ்சின் இழுக்குது எண்டு எனக்குத் தெரியும். நீ எனக்கு விளங்கப்படுத்துறியோ? தெரிஞ்சுகொண்டுதான் பாத்தனான். தெரிஞ்சா பாக்கக்கூடாதோ?”

அம்மா என்னிடம் அப்படிக் கத்தியதில்லை. அண்ணை போன நாளிலும் இல்லை. தூபக்காலை வெளியே கொண்டுபோய்த் தணலைத் தெருவோரம் தண்ணீர் ஓடுகிற கானுக்குள் கொட்டினா. சீறிக்கொண்டு அணைந்தது. திரும்பி வந்து பையை எடுத்தா.

“இப்ப ஓடுமோ?”

“ஓடும் எண்டு நினைக்கிறன்.”

“நினைக்காதை. ஓட்டு.”

ரயிலில் எனக்குப் பக்கத்தில் இருக்கவில்லை. எதிர்ச் சீற்றில் இருந்துகொண்டு யன்னலைப் பார்த்தா. நான் காருக்காக அம்மாவிடம் இருந்து எதைப் பிடுங்கினேன் என்று எனக்குத் தெரியும். பிடுங்காமல் விட்டிருந்தால் காரும் இல்லை. இரண்டில் ஒன்று. இன்றைக்கும் அதில் எனக்கு ஒரு நியாயமும் வரவில்லை.

ஞாயிறு காலை. ஆண்டுத்திவசத்துக்கு முன்னம் கடைசி ஞாயிறு. மழை விட்டு றோட்டுக் காயும்வரை காத்திருந்தோம். அண்ணா சிலுவை போட்டுக்கொண்டார். நான் பட்டியலின் மேல்பக்கத்தைத் திறந்து வைத்தேன். கீழ்ப்பக்கம் முழுவதும் அண்ணையுடையது. அவன் போகாத கட்டங்களில் நான் பெற்றோலை வேண்டுமென்றே கூட்டி வைத்திருந்தேன். குறைந்தால் உருகும், கூடினால் கரும்புகை மட்டும்தான்.

“ரெடியா?”

“போங்கோ.”

அழுத்தினார். முதுகு சீற்றில் ஒட்டியது. நம்பர் அண்ணையின் கட்டங்களுக்குள் ஓடும்வரைக்கும் அசையாமல் நின்றது, அவன் எழுதினபடியே. பிறகு அவன் முடித்த இடம் வந்தது. அதைத் தாண்டியது. பதினொன்றரைக்குக் கீழே விழுந்து எஞ்சின் இருமியது. என் வாய் திறந்தது. அண்ணா என்னைப் பார்க்கவில்லை, அவர் பார்க்கக்கூடாது, நான் சொல்லவேண்டும், அல்லது சொல்லாமல் இருக்கவேண்டும். கூடத்தான் இருக்கிறது, குறையவில்லை. சொல்லவில்லை. கடலைச் சத்தம் வருகிறதா என்று காதைக் கொடுத்தேன். வரவில்லை. றோட்டு முடிந்தது.

கொஞ்சம் குறைத்தேன். திரும்ப ஓடினோம். திரும்பக் குறைத்தேன். மூன்றாவது ஓட்டத்தில் நம்பர் பன்னிரண்டரையில் வந்து நின்றது. கடைசிக் கட்டம்வரைக்கும் அங்கேயே நின்றது. அண்ணா தானாகவே காலை எடுத்தார்.

“ஏன் விட்டனீங்கள்? நான் சொல்லேல்லையே.”

“றோடு தீந்துபோச்சுமா. எதிர்ல சுவரு.”

அப்படியே லா ஷப்பலுக்கு விட்டோம். ஓட்டோறூட்டில் ஏறும்போது ஒரு லொறி ஹோர்ன் அடித்துக்கொண்டு பின்னால் வந்தது. அண்ணா காலைக் கொடுத்தார், லொறி கண்ணாடியில் சின்னதாகிப்போனது. ஊருக்குள் வந்தபிறகுதான் எனக்குப் பயம் கூடியது. சந்தைக் கூட்டம், நடுத்தெருவில் சாமான் இறக்குகிற வான், சூடு ஏறுகிற முள்ளு. மரக்கறிக் கடைகளில் நின்ற சனமெல்லாம் திரும்பிப் பார்த்தது. எங்கள் வாசலில் நிறுத்தியதும் நாலாம் மாடி யன்னல் திறந்தது. அம்மா.

அப்பா இறங்கி வந்தார். ஞாயிற்றுக்கிழமை ஓய்வு, இடுப்பில் கட்டிய சாரத்தோடும் பனியனோடும் நின்றார். காரை ஒருதரம் சுற்றி நடந்தார். பொனற்றில் கை வைத்துவிட்டு வெடுக்கென்று எடுத்தார்.

“சுடுகுது.”

“ஓடி வந்தது அப்பா. சுடும்தானே.”

“ஆர் ஓட்டினது?”

“அண்ணா ஓட்டினவர். நான் பக்கத்தில.”

அண்ணா கும்பிடவும் தெரியாமல் கைகொடுக்கவும் தெரியாமல் “வணக்கம் அங்கிள்” என்றார். அப்பா தலையை ஆட்டினார். காரின் உள்ளே குனிந்து பார்த்தார். சீற்றில் லாப்டொப் திறந்தபடி கிடந்தது. நிமிர்ந்து தெருவின் இரண்டு பக்கமும் பார்த்தார்.

“உதை இஞ்சையோ விடப்போறியள்? விசரோ? கண்ணாடியை உடைச்சு எல்லாத்தையும் கொண்டுபோடுவாங்கள்.”

“வேற எங்கை அப்பா விடுறது?”

“சோறு இருக்குது. மேலை போய் அந்தப் பொடியனுக்கும் போட்டுக் குடுத்து நீயும் சாப்பிடு. நான் நிக்கிறன்.”

நாங்கள் ஏறிப்போனோம். அம்மா எனக்கு முகம் கொடுக்கவில்லை, அண்ணாவுக்கு மட்டும் கறியை அள்ளி அள்ளிப் போட்டா. அவர் போதும் போதும் என்றார், கேட்கவில்லை. கீழே ஏதோ சத்தம் கேட்டு நான் யன்னலுக்குப் போனேன். நாலைந்து பிரெஞ்சுப் பொடியங்கள் காரைச் சுற்றி நின்று படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். ஒருவன் பொனற்றில் சாயப்போனான்.

“தூஷ் பா! தூஷ் பா!” அப்பா இரண்டு கையையும் விரித்துக்கொண்டு ஓடினார். தொடாதே என்கிற அந்த ஒரு பிரெஞ்சுச் சொல்லை இவ்வளவு பலமாக அவர் சொல்லி நான் கேட்டதில்லை.

அம்மா அகப்பையோடு வந்து என் தோளுக்கு மேலால் எட்டிப் பார்த்தா.

“உந்த மனிசன் சாரத்தோடை நடுத்தெருவில நிக்குது,” என்றா. “ஒரு நீளக் காற்சட்டையைக் கொண்டுபோய்க் குடு.”